நெடுமரக் காட்டில் டப்பா தேடல்: வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் நியூ ஃபாரஸ்ட் என்றொரு காடு. பேர்தான் புதுக்காடு, அரசர் வில்லியம் 1079-ல் வேட்டைக்காக ஒதுக்கிய இடம். அதனுள்ளே ரைன்ஃபீல்ட் சாலையோரம் நிற்கும் ராட்சத மரங்களுக்கு நடுவே ஜியோகேச்சிங் (ஒளித்துவைத்த டப்பாவை ஜி.பி.எஸ். கொண்டு தேடும் விளையாட்டு) நடை போவது பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களிலிருந்து சில.

என் மகன் சௌத்தாம்ப்டனில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் காட்டுக்குள் டப்பா தேடப் போகிறேன் என்கிறான். பணம் கிணம் ஒளித்து வைத்திருக்கிறார்களா?
– வாசகர், திருப்பூர்

பயப்படாதீர்கள், பணம் இல்லை. யாரோ ஒருவர் சிறு டப்பாவை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். உங்கள் மகன் போன்றவர்கள் ஜி.பி.எஸ். பார்த்துப் போய், கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் தேதியும் பேரும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். விளையாட்டு அவ்வளவுதான்.

இது பிறந்த நாளே சுவாரசியமானது. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே குழப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரை தப்பு காட்டும். 2000 மே 2 அன்று அந்தக் குழப்பத்தை நிறுத்தினார்கள். மறுநாளே, மே 3-ல், ஓரிகன் மாநிலத்து பீவர்கிரீக் அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் புத்தகம், மென்பொருள், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின் என்று போட்டு வைத்து இடத்தை அறிவித்தார். ‘ஏதாவது எடுத்தால் ஏதாவது வை’ என்பது அன்றைக்கே வந்த வழக்கம். அந்த பீன்ஸ் டின் இன்றைய விதிப்படி செல்லாது. தின்பண்டம் வைத்தால் எலியும் அணிலும் டப்பாவைக் கடித்துத் திறந்துவிடும் என்பதால் உணவுக்குத் தடை. கத்தி, மருந்து, மதுவுக்கும் அப்படியே.

இரண்டு பிள்ளைகள், வயது 7, 10. கார் இல்லை. ரைன்ஃபீல்டுக்கு ஒரு நாளில் போய்வர முடியுமா?
– வாசகி, ஹாரோ

முடியும். லண்டன் வாட்டர்லூவிலிருந்து பிராக்கன்ஹர்ஸ்ட் நிலையம் ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து காடு ஐந்து, ஐந்தரை கிலோமீட்டர். டாக்ஸி பிடிப்பதானால் திரும்பும் வண்டியையும் அப்போதே பேசிவிடுங்கள். மரங்களுக்கு நடுவே போனில் சிக்னல் கிடைக்குமென்று நம்பி இருக்க வேண்டாம்.

நடக்க வேண்டியது ‘டால் ட்ரீஸ் ட்ரெயில்’. பிளாக்வாட்டர், பிராக் ஹில் என்ற இரண்டு கார் நிறுத்தங்களுக்கு இடையே சாலையின் இரு பக்கமும் சுற்றி வரும் பாதை, மொத்தம் 2.4 கிலோமீட்டர். வெறுமனே நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தேடுவதென்றால் மூன்று மணி நேரம் வையுங்கள். சின்னவனுக்காக மூன்று டப்பாவுக்கு மேல் திட்டமிடாதீர்கள்; நான்காவதில் அழுகை வரும். பிளாக்வாட்டர் பக்கத்திலேயே சிறிய மரத்தோட்டம் ஒன்று இருக்கிறது, பல நாட்டு மரங்கள். சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம், மட்டக்குதிரைகள் பக்கத்தில் இல்லாதபோது. அவை காட்டுக் குதிரைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. சப்பாத்தியை நீட்டிப் பழக்கினால் அடுத்து வரும் குழந்தையின் பையைத்தான் கடிக்கும்.

டப்பாவைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள்: கண்டுபிடிப்பதன் கடினம், நிலத்தின் கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். பிள்ளைகளோடு போகும் முதல் நடைக்கு இரண்டும் 2-க்குள் இருக்கட்டும். அளவையும் கவனியுங்கள். ‘மைக்ரோ’ என்றால் 100 மில்லிக்குள், பழைய ஃபிலிம் டப்பா அளவு. உள்ளே தாள் மட்டும்தான் இருக்கும், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். ‘ஸ்மால்’ 1 லிட்டர் வரை, ‘ரெகுலர்’ 20 லிட்டர் வரை. மாற்றிக்கொள்ளச் சிறு பொம்மை எல்லாம் இவற்றில்தான். கடைசியாக, அந்த டப்பாவின் இணையப் பக்கத்தில் மற்றவர்கள் எழுதிய பதிவுகள். கடைசி மூன்றும் ‘கிடைக்கவில்லை’ என்றிருந்தால் டப்பாவே போயிருக்கலாம், விட்டுவிடுங்கள். விவரம், குறிப்பு, வரைபடம் எல்லாவற்றையும் வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மார்ச் முதல் ஜூலை முடிய தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம். அந்த மாதங்களில் பெரிய பாதையை விட்டு இறங்க வேண்டாமென்று வனத்துறை கேட்டுக்கொள்கிறது. புதர்வெளிக்குள் போகச் சொல்லும் டப்பா எதுவானாலும் ஆகஸ்டுக்குத் தள்ளிவையுங்கள்.

‘ரெட்வுட்டின் வேருக்குப் பின்னால்’ என்று குறிப்பு இருந்தது. எனக்கு எல்லா மரமும் கிறிஸ்துமஸ் மரம் மாதிரிதான் தெரிகிறது. எப்படிப் பிரித்தறிவது?
– வாசகர், குரோய்டன்

மேலே பார்க்காதீர்கள், அங்கே எல்லாம் ஒரே பச்சை. பட்டையைத் தொடுங்கள், காலடியில் கிடப்பதைப் பொறுக்குங்கள்.

இந்தச் சாலையின் நாயகன் ஜயன்ட் செக்கோயா என்ற ரெட்வுட். இங்கிலாந்துக்காரர்கள் வெலிங்டோனியா என்பார்கள். வெலிங்டன் பிரபு 1852-ல் இறந்தார், மறு வருடம் கலிஃபோர்னியாவிலிருந்து விதை வந்து சேர்ந்தது, அவர் பேரையே வைத்துவிட்டார்கள். இந்தச் சாலையோரம் நட்டது 1859-ல், ஒரு மாளிகைக்குப் போகும் வழிக்கு அழகாக. இப்போது இங்கே ஜோடியாக நிற்கும் இரண்டு செக்கோயாக்கள் சுமார் 50 மீட்டர் உயரம். சொந்த ஊரில் மூவாயிரம் வருடம் வாழும் சாதி என்பதால் இவை இன்னும் பால்குடி மாறாதவை.

அடையாளம் சுலபம். பட்டை செம்பழுப்பு, நார் நாராக, தேங்காய் மட்டையை நினைவூட்டும். விரல் முட்டியால் மெதுவாக அழுத்தினால் அமுங்கும். மரத்தைத் தொட்ட மாதிரியே இருக்காது. காட்டுத்தீயைத் தாங்குவதற்கான கவசம் அது. இலை ஊசியாக நிற்காமல் செதில்போலக் கிளையோடு ஒட்டி முனையில் குத்தும். கயிறு முறுக்கியது போலிருக்கும். கோஸ்ட் ரெட்வுட் என்பது இதன் பங்காளி. பட்டை கிட்டத்தட்ட அப்படியே, ஆனால் இலை தட்டை, கிளையின் இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி வரிசையாக. குறிப்பில் வெறும் ‘ரெட்வுட்’ என்று எழுதுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கலாம். இரண்டின் அடியிலும் பாருங்கள்.

டக்ளஸ் ஃபிர்ரின் பட்டை முற்றியதும் ஆழமாக வெடித்து, கெட்டியாக இருக்கும். ஆனால் அதற்குக் காய்தான் சாட்சி. கீழே விழுந்த காயை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு செதிலுக்கும் அடியிலிருந்து மூன்று முனையுள்ள ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், எலி ஒன்று உள்ளே புகுந்து வாலும் இரண்டு பின்கால்களும் மட்டும் வெளியே தெரிவதுபோல. இதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிவிட்டால் அப்புறம் அவர்கள்தான் உங்களுக்குச் சொல்லுவார்கள்.

தோட்டங்களில் டான் ரெட்வுட் எதிர்ப்படலாம். புதைபடிவமாக மட்டுமே தெரிந்திருந்த இனம்; 1940-களில் சீனாவில் உயிரோடு கிடைத்தது. ஊசியிலை மரமாக இருந்துகொண்டே குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். பட்டுப்போன மரம் என்று எண்ணிவிடாதீர்கள்.

செக்கோயாவின் பட்டையில் மட்டும் டப்பா தேடக் கை விடக் கூடாது. அந்த மெத்தென்ற பட்டையில் பாதி முட்டை அளவுக் குழிகள் தெரியும், கீழே வெள்ளையாக எச்சக் கோடு வழிந்திருக்கும். ட்ரீக்ரீப்பர் என்ற சிறு குருவி, குளிர் இரவில் உடம்பை உள்ளே பதித்துத் தூங்கக் குடைந்துகொண்ட இடம் அது. டப்பா வைத்தவர் ஒழுங்கானவராக இருந்தால் அங்கே வைத்திருக்க மாட்டார். வேர்ப்பகுதியையும் சுற்றிச் சுற்றி மிதிக்காதீர்கள். இந்த மரங்களின் வேர் ஆழம் போகாமல் மேலாகப் பரவும். பத்து பேர் மிதித்தால் மண் இறுகித் தண்ணீரும் காற்றும் இறங்காது.

மரத்தடிக்குப் போனதும் போனில் அம்பு சுற்றுகிறது. ‘4 மீட்டர்’ என்கிறது, இரண்டடி வைத்தால் ‘19 மீட்டர்’. போன் கெட்டுவிட்டதா?
– வாசகர், லெஸ்டர்

போன் நன்றாகத்தான் இருக்கிறது. செயற்கைக்கோள் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில். வந்து சேரும் சிக்னல் மிக மெல்லியது. ஈர இலை அதைக் குடித்துவிடுகிறது. பெருமரத் தண்டுகளில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல் சுற்றுவழியில் வருவதால் தாமதமாகிறது, போன் அதையும் நம்பித் தூரத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறது. வெட்டவெளியில் 3–5 மீட்டர் துல்லியம் காட்டும் அதே போன் ரைன்ஃபீல்டில் 10–15 மீட்டருக்குத் தடுமாறும். டப்பாவை வைத்தவரின் போனும் அப்படித்தானே தடுமாறியிருக்கும்? இரண்டு தப்பும் எதிரெதிர்த் திசையில் சேர்ந்தால் இருபது மீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம்.

அம்பு சுற்றுவதற்கு வேறு காரணமும் உண்டு. நின்றுகொண்டிருக்கும்போது போன் தன் காந்தத் திசைகாட்டியைப் பார்க்கிறது. காந்த மூடியுள்ள பர்ஸ் கவர் போட்டிருந்தால் கழற்றுங்கள். பிறகு போனைக் காற்றில் எட்டு போட்டுச் சுழற்றுங்கள், திசை சரியாகும்.

தேடும் முறை இது. இலக்கு முப்பது மீட்டர் இருக்கும்போதே, மேலே வானம் தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஒரு நிமிடம் அசையாதீர்கள், எண் நிலைபெறும். அம்பு காட்டும் நேர்க்கோட்டில் ஒரு மரத்தையோ விழுந்த கட்டையையோ மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பாதையோடு நடந்து, முன்பு நின்றதற்குச் செங்குத்தான பக்கத்திலிருந்து மறுபடி அதையே செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் உங்கள் நடுப்புள்ளி. அங்கே போனதும் போனைப் பாக்கெட்டில் போட்டுவிடுங்கள். கடைசிப் பத்து மீட்டருக்கு அது உதவாது. அதைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள்தான் புதரைத் துவைத்துவைக்கிறார்கள்.

இனிக் கண். ஒளித்தவர் இயற்கையை எங்கே திருத்தியிருக்கிறார் என்று பாருங்கள். காற்றில் விழுந்த சுள்ளிகள் தாறுமாறாகக் கிடக்கும்; ஒரே நீளமாக, ஒரே திசையில் அடுக்கியவை விழுந்தவை அல்ல. தண்டில் சாய்த்த பட்டைத் துண்டு, அதுவும் பக்கத்து மரத்தின் நிறத்தில் இருந்தால், சந்தேகப்படுங்கள். பாசி எங்கும் இருக்க ஒரு கல்லில் மட்டும் இல்லையென்றால் அதை அடிக்கடி யாரோ தூக்குகிறார்கள். பொந்துக்குள் கையை நேரே விடாதீர்கள். டார்ச் அடித்து, குச்சியால் தொட்டுப் பார்த்த பிறகே கை. இந்தக் காட்டில் ‘ஆடர்’ என்ற விரியன் உண்டு.

இருபது நிமிடம் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் அப்படியே பதிவிடுங்கள், கூச்சம் வேண்டாம். வைத்தவர் வந்து சோதிக்க அதுதான் தூண்டும்.

கொடுத்த எண்ணைப் போட்டால் வரைபடம் பிரான்ஸ் கடற்கரையைக் காட்டுகிறது!
– வாசகி, ஈஸ்ட் ஹாம்

‘மேற்கு’ என்பதற்குக் ‘கிழக்கு’ போட்டிருக்கிறீர்கள். நியூ ஃபாரஸ்ட் கிரீனிச்சுக்கு மேற்கே சுமார் 1 பாகை (டிகிரி) 35 கலையில் (மினிட்) இருக்கிறது. கிழக்காக்கினால் சுமார் 220 கிலோமீட்டர் தள்ளி, பூலோன் நகரப் பக்கம் போய் நிற்கும். தமிழ்நாடும் இலங்கையும் கிழக்குத் தீர்க்கரேகை, அங்கே பழகிய கை கிழக்கையே போடுகிறது.

இதைவிடக் கள்ளத்தனமான தப்பு ஒன்று உண்டு. இந்த விளையாட்டில் எண்ணைப் பாகை, கலை, கலையின் தசமம் என்று எழுதுவார்கள். 50 பாகை 50.500 கலை என்றால் ஐம்பதரைக் கலை, அதாவது 50 கலை 30 விகலை (செகண்ட்). அந்த .500-ஐ 50 விகலை என்று படித்தால் 600 மீட்டருக்கு மேல் வடக்கே போய்விடுவீர்கள், அங்கும் மரமாகவே இருப்பதால் தப்பு உறைக்காது. மூன்றாம் தசமத்தில் ஓர் எண் மாறினால் தெற்கு வடக்கில் 1.85 மீட்டர், இந்த அட்சரேகையில் கிழக்கு மேற்கில் 1.17 மீட்டர். அதனால் கடைசி எண் துள்ளிக்கொண்டே இருப்பதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

குறிப்பு முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாக இருக்கிறதே?
– வாசகர், மில்டன் கீன்ஸ்

தெரியாமல் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று எழுத்தைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதியிருப்பார்கள். A என்றால் N, B என்றால் O, C என்றால் P. ஆங்கிலத்தில் 26 எழுத்து என்பதால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டாலே விடை. செயலியில் ஒரு தட்டலில் தானே மாறும். மாறிய பிறகும் ‘ஐ.சி.டி.’ என்று மட்டும் இருந்தால் ஐவிக் கொடி படர்ந்த மரம், ‘எம்.டி.டி.’ என்றால் பல தண்டு பிரிந்த மரம். முன்னது ஒரு குறிப்பே இல்லை என்பது எங்கள் கட்சி. இங்கிலாந்துக் காட்டில் ஐவி படராத மரத்தைக் காட்டுவதுதான் கஷ்டம்.

‘மரத்தின் உயரத்தை மீட்டரில் அளந்து அந்த எண்ணைச் சேர்க்கவும்’ என்று ஒரு புதிர். ஏறாமல் எப்படி அளப்பது?
– வாசகர், ரெடிங்

மரத்தடியிலிருந்து சமதளத்தில் 40 மீட்டர் அளந்து விலகுங்கள். போனில் சாய்வுகோணம் காட்டும் செயலி இருக்கும். அதன் விளிம்பு வழியே உச்சியைக் குறிபார்த்துக் கோணத்தைப் படியுங்கள். 51 பாகை என்று வைத்துக்கொள்வோம். கால்குலேட்டரில் 51-க்கு ‘டான்’ (tan) மதிப்பு 1.235. நாற்பதால் பெருக்கினால் 49.4. உங்கள் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் என்றால் அதையும் கூட்டுங்கள்: 51 மீட்டர்.

மரத்துக்குக் கிட்டே நின்று அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. 20 மீட்டரில் நின்றால் கோணம் 68 பாகைக்கு ஏறும். அங்கே ஒரே ஒரு பாகை பிசகினால் உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல் மாறும். மரத்தின் உயரமளவு தள்ளி நின்றால் அதே பிசகு ஒன்றே முக்கால் மீட்டரோடு போகும். உச்சி என்று நினைத்துப் பக்கக் கிளையைக் குறிபார்ப்பதும் உண்டு. இரண்டு பக்கம் நின்று அளந்து சராசரி எடுங்கள். சுற்றளவு கேட்டால் இங்கிலாந்தில் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் நாடா பிடிப்பது வழக்கம். அருகிலுள்ள நைட்வுட் ஓக் என்ற முதுமரத்துக்கு அந்த அளவு ஏழு மீட்டரைத் தாண்டும். ஆனால் அதைச் சுற்றி வேலி இருக்கிறது. நாடாவோடு உள்ளே குதிக்காதீர்கள்.

டப்பா கிடைத்தது, உள்ளே தாள் கஞ்சியாக இருந்தது. பிள்ளை அதிலிருந்து ஓர் உலோகத் தகட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். தவறா?
– வாசகி, ஸ்லவ்

தகட்டை முதலில் பார்ப்போம். எண் பொறித்த நாய்ப்பட்டைத் தகடு போலிருந்தால் அது ‘டிராவல் பக்’. டப்பாவிலிருந்து டப்பாவாக ஊர் சுற்றுவதற்கு அனுப்பப்பட்டது. எடுத்தது தவறில்லை, வைத்துக்கொள்வதுதான் தவறு. எண்ணைச் செயலியில் பதிந்துவிட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் வேறொரு டப்பாவில் விடுங்கள். பொம்மை, சாவிக்கொத்து போன்றவை வேறு. அவற்றை அதே மதிப்புள்ள பொருள் வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

தாள் ஊறுவதற்குப் பெரும்பாலும் மழை நேரடிக் காரணமல்ல. நான்கு பக்கமும் கொக்கி வைத்த சாப்பாட்டு டப்பாவில், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பையின் ஓரம் ரப்பர் வளையத்தில் மாட்டியபடி மூடியிருப்பார்கள். அந்த மடிப்பு வழியே தண்ணீர் திரிபோல் ஏறும். மூடுமுன் பையை உள்ளே தள்ளி, வளையத்தில் ஒட்டிய மண்ணை விரலால் துடைத்து, நான்கு கொக்கியும் ‘டக்’ என்று விழுவதைக் கேளுங்கள். ஈரத் தாளில் பந்துமுனைப் பேனா எழுதாது; பென்சில் எழுதும். குறுகிய குழாயில் சுருட்டிய தாளை எடுக்க ஒரு ட்வீசர் வேண்டும். அதுவே உண்ணிக்கும் உதவும்.

உண்ணி கடித்தால் நெருப்புக்குச்சியால் சுட வேண்டும் என்கிறார்களே?
– வாசகர், சௌத்தால்

வேண்டாம். சூடு, எண்ணெய், வாசலின் எதுவும் கூடாது. கூர்முனை ட்வீசரால், உண்ணியின் உடம்பை நசுக்காமல், தோலை ஒட்டித் தலைப்பக்கம் பிடித்து நேர் மேலாக நிதானமாக இழுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். நியூ ஃபாரஸ்டில் லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் உண்ணிகள் உண்டு. புல்லிலும் பெரணியிலும் காத்திருந்து உரசிப்போகும் காலில் தொற்றும். முழுக்கால் சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது, வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், பிள்ளைகளுக்குத் தலையோரம் என்று பார்ப்பது: இவ்வளவும் வழக்கமாகட்டும்.

கடித்த இடத்திலிருந்து வட்டமாகப் பரவும் தடிப்பு பொதுவாக 1 முதல் 4 வாரத்துக்குள் வரும், மூன்று மாதம்வரைகூட ஆகலாம். நம் மாநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் கன்றிப்போன தழும்பு மாதிரி இருக்கலாம். அதைப் பார்த்தாலோ, காய்ச்சலும் உடல்வலியும் வந்தாலோ மருத்துவரிடம் போய், உண்ணி கடித்த தேதியையும் இடத்தையும் முதலில் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும்போது நாமே ஒரு டப்பா வைக்கலாமா?
– வாசகர், பர்மிங்ஹாம்

எங்கே வைத்தாலும் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். பக்கத்து டப்பாவிலிருந்து 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மரத்தில் ஆணி, திருகாணி கூடாது; குழி தோண்டக் கூடாது. தொலைவிலிருப்பவர் பராமரிக்க முடியாது என்பதால், விடுமுறைக்கு வந்துபோகிறவர் வைப்பதைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள்; உள்ளூரில் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். பேருந்து நிலையம், கோயில் வாசல் போன்ற இடத்தில் கேட்பாரற்ற டப்பா கிடந்தால் போலீஸ்தான் வரும். டப்பா இல்லாத வகைகளை யோசியுங்கள். ‘அட்வென்ச்சர் லேப்’ வகையில் இடத்துக்குப் போய், அங்கே பார்த்ததைக் கொண்டு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மங்கி பசில் மரம் இருக்கிறது, சிலி நாட்டுக்காரன், குரங்கே ஏறத் தயங்கும் முள்ளிலை. பிள்ளைகளுக்கு நல்ல கேள்வி அமையும். ‘எர்த்கேச்’ என்ற வகை நிலவியலுக்கானது, அதற்கும் டப்பா கிடையாது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரப் பூங்கா மாதிரி இடம் அதற்குப் பொருந்தும்; ஆனால் பூங்கா நிர்வாகத்தைக் கேட்ட பிறகு, கல் துண்டு ஒன்றையும் தொட்டெடுக்காமல்.

இங்கே நடைக்கு வாங்கிய, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கையடக்கக் கருவியை ஊருக்கு எடுத்துப்போகாதீர்கள். இந்தியாவில் முன் அனுமதியில்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடிபடுவீர்கள். போன் போதும்.